கபாபின் சிவப்பும் நூறு ரூபாய்க் காகிதமும்

பெங்களூர்த் தள்ளுவண்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

மாலை ஆறு மணிக்கு மேல் பெங்களூர் ஸ்ரீராமபுரத்துச் சந்துகளில் நடப்பவர்களுக்கு முதலில் மணம் வரும். பிறகுதான் வண்டி கண்ணில் படும். நாலு சக்கரத் தள்ளுவண்டி, அதன்மேல் ஒரு காஸ் அடுப்பு, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. பக்கத்தில் மசாலா தடவி ஊற வைத்த கோழித் துண்டுகள் நிறைந்த எவர்சில்வர் பேசின். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாக்கள் என்று ஐந்தாறு பேர் எப்போதும் சுற்றி நிற்பார்கள். ஒரு பிளேட் கபாப், கொஞ்சம் குஸ்கா. அதோடு பலருக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

அங்கே வண்டி போட்டிருப்பவர் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பிழைப்புத் தேடி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2024-ஆம் ஆண்டு நடுவில் அவர் வியாபாரத்துக்கு ஒரு சோதனை வந்தது. அதுவரை செக்கச் சிவந்திருந்த கபாப் ஒரே நாளில் நிறம் மாறிப் பழுப்பாயிற்று. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

"என்னண்ணே, நேத்துக் கறியா? நிறமே இல்லையே?"

"புதுக் கறி சார். கலர் பொடியை நிறுத்தியாச்சு. சர்க்கார் உத்தரவு."

சிலர் நம்பினார்கள். சிலர் அடுத்த தெருவில் இன்னும் சிவப்பாகவே பொரித்துக் கொண்டிருந்த வண்டிக்குப் போனார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர் பேசினில் கறி மிஞ்சியது. கீழ்ப்படியாதவர் பேசின் காலியாயிற்று. சட்டம் சிறு வியாபாரியிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் முதலில் நடப்பது இதுதான்.

இறைச்சி, ஓட்டல் தொழில்களைப் பற்றிய உத்தரவுகள் கடந்த சில ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. பெரிய ஓட்டல்களுக்கு ஆடிட்டரும் வக்கீலும் உண்டு. தள்ளுவண்டிக்காரருக்கும் சந்துமுனை மெஸ்காரருக்கும் யாரும் இல்லை. உத்தரவு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அவர்களே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெரியாதவர்கள் பயத்துக்கும், பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களுக்கும் இரையாகிறார்கள்.

தடை வந்த விதம்

முதலில் மாட்டியது கோபி மஞ்சூரியனும் பஞ்சு மிட்டாயும். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தன. அதில் ரோடமைன்-பி என்ற சாயம் இருப்பது பரிசோதனையில் தெரியவந்ததே காரணம். இது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். உணவில் இதற்கு எந்த அளவிலும் அனுமதி கிடையாது.

அடுத்த மாதம் கர்நாடகம் நடவடிக்கையில் இறங்கியது. மாநிலம் முழுவதும் எடுத்த 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று கண்டறியப்பட்டது. பஞ்சு மிட்டாயில் 25 மாதிரிகளில் 15 தேறவில்லை. 2024 மார்ச் 11 அன்று, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்றும், பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி கூடாது என்றும் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் அறிவித்தார்.

ஜூன் மாதம் கபாபின் முறை வந்தது. 39 மாதிரிகள் எடுத்ததில் 8-இல் செயற்கை நிறம் இருந்தது. கோழி, மீன், காய்கறி என்று எந்தக் கபாபிலும் செயற்கை நிறம் கூடாது என்று உத்தரவாயிற்று. மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற எச்சரிக்கையும் அதனுடன் வந்தது. நாள் முழுதும் நின்று ஆயிரம், இரண்டாயிரம் லாபம் பார்க்கும் மனிதருக்கு இந்த எண்களே தலை சுற்ற வைத்தன.

"கடையில் விற்கிறார்களே!"

வண்டிக்காரர்கள் பலரும் கேட்ட ஒரு நியாயமான கேள்வி உண்டு. கலர் பொடி பாக்கெட்டு மளிகைக் கடையில் பகிரங்கமாகத் தொங்குகிறது. அதன்மேல் உணவுக்கு உகந்தது என்று அச்சடித்திருக்கிறது. சர்க்கார் அனுமதித்த பொருளை வாங்கிப் போட்டால் அது எப்படிக் குற்றமாகும்?

விஷயம் இதுதான். நமது நாட்டு விதிகள் சில செயற்கை நிறங்களை அனுமதிக்கின்றன. சன்செட் எல்லோ, டார்ட்ரசின், கார்மோய்சின் ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பவைதான். ஆனால் அவற்றை எதில் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. ஐஸ்கிரீம், மிட்டாய், கேக், பழ சர்பத் போன்ற குறிப்பிட்ட பண்டங்களில் மட்டும், பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கபாப் அந்தப் பட்டியலில் இல்லை. மிட்டாய்க்கு ஆன பொடி கறிக்கு ஆகாது.

அளவு இன்னொரு சங்கதி. மிட்டாய்க் கம்பெனியில் தராசு இருக்கும். வண்டியில் இருப்பது விரல் நுனிதான். இரண்டு விரலால் கிள்ளிப் போட்டால் அது எத்தனை மில்லிகிராம் என்று யாரால் சொல்ல முடியும்? பேசின் சிவக்கிற வரை போடுவதுதான் வழக்கமாக இருந்தது.

இதில் மறைத்துப் பேச வேண்டியது ஒன்றுமில்லை. சிவப்பு நிறம் வாடிக்கைக்காரரின் கண்ணைக் கவரும். அதே நிறம் பழைய கறியையும் மறைக்கும். கபாப் வாங்கித் தின்பவர்கள் பணக்காரர்கள் அல்ல. ராத்திரிக் குழந்தைக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போகும் தொழிலாளிதான் வாங்குகிறார். வண்டிக்காரரின் குழந்தையும் மிச்சத்தை அதே பேசினிலிருந்துதான் தின்கிறது. ஆகவே தடையின் நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. அது எல்லா வண்டிக்கும் ஒன்றுபோல் அமலாக வேண்டும் என்பதுதான் நியாயமான முறையீடு.

கைகொடுத்த பேடகி

ஸ்ரீராமபுரத்து வண்டிக்காரருக்கு வழி காட்டியது கர்நாடகத்து மண்ணே. ஹாவேரி மாவட்டத்துப் பேடகி என்ற ஊரின் பெயரால் வழங்கும் மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் குறைவு. 2011-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சுருக்கம் விழுந்து, கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊற வைத்து, விழுதாக அரைத்துத் தயிர், இஞ்சி பூண்டுடன் சேர்த்துத் தடவினால் கறி இயற்கையாகவே சிவக்கும். பழைய அரக்குச் சிவப்பு வராது. எண்ணெயில் போட்டதும் கொஞ்சம் கறுக்கும். ஆனால் பார்த்தவுடன் சாப்பிடத் தோன்றும் நிறம் கிடைக்கும்.

செலவு கூடத்தான் செய்கிறது. ஒரு பாக்கெட்டுப் பொடி பல நாள் வந்தது; மிளகாய் தினமும் வேண்டும். அரைக்க மிக்சியும் நேரமும் வேண்டும். வீட்டில் மனைவி மத்தியானமே விழுது அரைத்து வைக்கிறார். பிளேட்டு விலையை ஏற்ற முடியாமல் துண்டைச் சிறிதாக்கியவர்களும் உண்டு. இருந்தாலும் நிறம் மாறியதற்குக் காரணத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல, போன வாடிக்கையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. "கலர் போடலே" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டதும் நன்றாகவே வேலை செய்தது.

நூறு ரூபாய்க் காகிதம்

நிறத்தை விட்டால் மட்டும் போதாது. வண்டியைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சிறு வியாபாரிகளில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உணவு விற்கிற ஒவ்வொருவரும் லைசென்சாவது பதிவாவது பெற்றிருக்க வேண்டும். 2011 ஆகஸ்டு 5 முதல் அமலுக்கு வந்த விதிகள் சிறியவர்களுக்குச் சலுகை காட்டின. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு லைசென்சு வேண்டாம், பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்று அவை வகுத்தன. 12 லட்சம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 3,300 ரூபாய் விற்பனை. இந்த வரம்பையும் கட்டணத்தையும் அரசு திருத்தக் கூடியது. மனுப் போடும் நாளில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவுச் சான்றில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் வியாபாரியின் கவசம்.

அதே 2011 விதிகளில் இன்னொரு வசதியும் இருந்தது. பதிவுக்கு மனுச் செய்த 7 நாளில் அனுமதி, மறுப்பு, சோதனைக்கு உத்தரவு ஆகிய எதுவும் வராவிட்டாலும், 30 நாளில் முடிவு தெரியாவிட்டாலும், வியாபாரத்தை ஆரம்பிக்கலாம் என்று அவை கூறின. மனுச் செய்ததற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இந்த வசதி உதவும்.

ஸ்ரீராமபுரத்து மனிதர் பல வருஷம் இந்தக் காகிதம் இல்லாமலே காலம் தள்ளினார். ஆயிரக்கணக்கில் செலவாகும், கன்னடத்தில் எழுத வேண்டும், வாடகை வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு தரகர் மூவாயிரம் ரூபாய் கேட்டாராம். கடைசியில் வாடிக்கையாகக் கபாப் தின்ன வரும் ஒரு குமாஸ்தா, பக்கத்துக் கணினி மையத்தில் உட்கார்ந்து மனுவை நிரப்பிக் கொடுத்தார். ஆதார் நகல், போட்டோ, கட்டணம், கணினி மையத்துக்குக் கொஞ்சம் கூலி. அவ்வளவுதான். இன்று அந்தச் சான்று கண்ணாடித் தாளுக்குள் வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அதிகாரி வந்தால்

மாதிரி எடுக்க அதிகாரி வந்தால் வண்டியை விட்டு ஓடுகிறவர்கள் உண்டு. கையில் எதையாவது திணித்து அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. சட்டம் வியாபாரிக்கும் சில உரிமைகளைத் தந்திருக்கிறது.

மாதிரி எடுக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, பரிசோதனைக்காக எடுப்பதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எடுத்த பண்டத்துக்கு விலையும் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு ஆய்வாளருக்குப் போகும்; இரண்டு பங்கு மேலதிகாரியிடம் இருக்கும்; நாலாவது பங்கை, வியாபாரி கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்டால்தான் அனுப்புவார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் அதன்மேல் அப்பீல் செய்யவும் வழி உண்டு.

சுத்தக் குறைவு போன்ற குறைகளுக்கு முதலில் திருத்த அறிவிப்பு கொடுக்கலாம். அதில் குறைந்தது 14 நாள் அவகாசம் இருக்க வேண்டும். அந்த அவகாசத்தில் குறையைச் சரிசெய்தவர் தப்பித்தார். நியாயமான காரணமின்றித் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு பண்டத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரிக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே சட்டத்தில் இடமுண்டு. அதிகாரி மேல் பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

ஓட்டல்களில் வேலை செய்யும் நம்மவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்சு பெற்ற ஓட்டலில் உணவைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. காய்ச்சலோடும் கைப்புண்ணோடும் வேலை செய்யச் சொன்னால் அது தொழிலாளிக்கும் கெடுதல், சாப்பிடுகிறவருக்கும் கெடுதல்.

எண்ணெயும் இட்லித் துணியும்

நிறத்துக்கு அடுத்தபடி சட்டம் கண் வைத்திருப்பது எண்ணெய்ச் சட்டியின் மேல். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெடுதலான பொருள்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உள்ள விதி. வண்டியில் அதை அளக்கக் கருவி இல்லை. ஆனால் எண்ணெய் கறுத்து, கொழகொழத்து, நுரை தள்ளி, நீலப்புகை விட ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதைச் சாக்கடையில் ஊற்றுவதும் தவறு. பயோடீசல் தயாரிக்க வாங்கிக்கொள்ளும் ஏஜென்சிகள் இருக்கின்றன.

சைவ ஓட்டல்காரர்கள் இதெல்லாம் கறிக்கடைக்காரர் பாடு என்று இருந்துவிட முடியவில்லை. 2025 பிப்ரவரியில் இட்லிக்கே சோதனை வந்தது. கர்நாடகத்தில் ஏறக்குறைய 250 இடங்களில் பார்த்ததில் 52 இடங்களில் இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து ஆவியில் வேக வைப்பது தெரிந்தது. சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கெடுதலான பொருள்கள் உணவில் இறங்கும் என்பதால் அதற்கும் தடை வந்தது. துணி துவைக்கச் சோம்பல்பட்டதன் விலை அது.

கடை அடைக்கும் நாட்கள்

கறி வியாபாரிக்கு வேறு தொழில்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் உண்டு. காந்தி ஜயந்தி, மகா சிவராத்திரி, ஸ்ரீராம நவமி, கிருஷ்ண ஜயந்தி, விநாயக சதுர்த்தி போன்ற நாட்களில் பெங்களூரில் ஆடு மாடு வெட்டுவதையும் இறைச்சி விற்பதையும் மாநகராட்சி தடை செய்து வந்திருக்கிறது. இப்படிப்பட்ட தடை செல்லுமா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஆமதாபாத்தில் ஜைனர்களின் பண்டிகைக்காக 9 நாள் வெட்டுமிடங்களை மூடிய வழக்கில், குறுகிய காலத் தடை என்பதால் அது செல்லும் என்று 2008 மார்ச்சில் தீர்ப்பாயிற்று.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் வியாபாரி பொறுத்துக்கொள்வார். பெங்களூரின் வடபகுதிக்காரர்களுக்கு வந்தது அதைவிடப் பெரிது. எலகங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விமானக் கண்காட்சி நடக்கிறது. கறிக் கழிவை நாடிப் பருந்துகள் வட்டமிடும். அவை விமானத்தில் மோதினால் பெரும் விபத்து. அதனால் 2023-இல் ஜனவரி 30 முதல் பிப்ரவரி 20 வரை தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கறிக்கடைகளையும் அசைவ ஓட்டல்களையும் மூட உத்தரவாயிற்று. 2025-இல் வட்டம் 13 கிலோமீட்டராக விரிந்தது. ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை, 26 நாள்.

விமானத்தின் பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் 26 நாள் வருமானம் இல்லாமல் வாடகை கட்டுவது எப்படி, கடைப் பையனுக்குக் கூலி கொடுப்பது எப்படி? மாநகராட்சி குப்பையை நாள்தோறும் ஒழுங்காக அள்ளி, கழிவை மூடிய வண்டியில் கொண்டுபோனால் பருந்து ஏன் வருகிறது என்று வியாபாரிகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கண்காட்சி வருவதற்குள் அந்த வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி, முன்கூட்டியே அறிவிப்பும் நிவாரணமும் கோரி மனுக் கொடுப்பது நல்லது. 2025 செப்டம்பரில் பழைய பெருநகர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆகையால் தம் கடை எந்த மாநகராட்சியில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்திப்பள்ளிக்கு இப்பால்

மாட்டிறைச்சி விற்பவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஊரில் இருந்த வழக்கத்தை இங்கே நினைத்துக்கொண்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று வெட்ட இடம் கொடுத்தது; பசுவைப் பொறுத்தவரை 1976-இல் அரசாணை தடை போட்டது. கர்நாடகத்திலும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் வயதான காளை, எருதுகளுக்கு வழிவிட்டிருந்தது.

2021 ஜனவரியில் இங்கே அமலுக்கு வந்த புதிய சட்டம் அந்த வழியை அடைத்தது. பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக் கூடாது. 13 வயதுக்கு மேற்பட்ட எருமையை மட்டும், அதுவும் உரிய அதிகாரியின் சான்றோடுதான் வெட்டலாம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஒவ்வொரு மாட்டுக்கும் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். ஓசூரில் ஒரு சட்டம், அத்திப்பள்ளிக்கு இப்பால் ஒரு சட்டம் என்று ஆகிவிட்டது. எருமைக் கறி வாங்கிச் சமைக்கும் சிறு ஓட்டல்காரர், எந்தக் கடையில், எந்தத் தேதியில் வாங்கியது என்ற ரசீதை எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தகராறு வரும் நாளில் வாய்ப்பேச்சு உதவாது.

கைப்பேசிக்குள் கணக்கு

2025 ஜூலையில் வேறொரு திசையிலிருந்து இடி விழுந்தது. கைப்பேசி வழியாக யூ.பி.ஐ.யில் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிகவரித் துறை, வரிப் பதிவு இல்லாத சிறு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீசு அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, காண்டிமென்ட்ஸ் கடைக்காரர்கள் கலங்கினார்கள். பல கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. வியாபாரிகள் கடையடைப்புக்குத் தயாரானார்கள். பிறகு முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை, ஆனால் உரியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கூறியதும் கொந்தளிப்பு அடங்கியது.

அப்போது பேசப்பட்ட வரம்பு, பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். சமைத்துப் பரிமாறுவது சேவைக் கணக்கில் வரும். 20 லட்சம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விற்பனை. நல்ல ஓட்டம் உள்ள வண்டிக்கு எட்டாத தொகை அல்ல. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மச்சானுக்கு அனுப்பிய கடன், சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பிய தொகை எல்லாம் ஒரே கைப்பேசிக் கணக்கில் வந்துபோனால், எது விற்பனை, எது கடன் என்று பிரித்துக் காட்ட முடியாமல் போகும். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதோடு, தினமும் வாங்கிய கறி, எண்ணெய், காஸ் செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் போதும். அந்த நோட்டே ஒரு நாள் வக்கீலாக நிற்கும்.

சாப்பிடுகிறவர் பங்கு

சட்டத்தின் பாரம் முழுவதையும் வண்டிக்காரர் தலையில் வைப்பது சரியல்ல. செக்கச் சிவந்த கபாபைத்தான் தின்பேன் என்று வாடிக்கைக்காரர் அடம்பிடிக்கும் வரை, எங்காவது ஒரு சந்தில் கலர் பொடிப் பாக்கெட்டு பிரியத்தான் செய்யும். பழுப்பாக இருக்கிற கறியைப் பார்த்து முகம் சுளிக்காமல், பதிவுச் சான்று ஒட்டியிருக்கிறதா, எண்ணெய் தெளிவாக இருக்கிறதா, பேசின் மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சாப்பிடுகிறவர் செய்யக்கூடிய உதவி. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அந்தக் குமாஸ்தாவைப் போல ஒரு மனுவை நிரப்பிக் கொடுத்தால் அது இன்னும் பெரிய உதவி.

ஸ்ரீராமபுரத்து வண்டியில் வியாபாரம் முன்போல் முழுதும் திரும்பிவிடவில்லை. ஆனால் அதிகாரி ஜீப் தெருமுனையில் திரும்பினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடும் வழக்கம் போய்விட்டது. அதிகாரி ஒரு முறை வந்தார், சான்றைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், பேசினுக்கு மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மூடி வாங்கிப் போட்டாயிற்று.

இப்போது அங்கே பொட்டலம் கட்டுவதுகூட மாறியிருக்கிறது. அச்சு மையில் ஈயம் போன்றவை இருப்பதால் செய்தித்தாளில் உணவை மடிக்கக் கூடாது என்பதும் விதி. வாழையிலைத் துண்டு, பாக்குமட்டைத் தட்டு, வெள்ளைக் காகிதம் எது வேண்டுமானாலும் ஆகலாம். நேற்றைய பேப்பர் மட்டும் ஆகாது. ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவர்கள் இதைக் கபாப் மடிக்கக் கொடுத்துவிட வேண்டாம். தெரிந்த வண்டிக்காரர் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள்.